அன்னுலஸில் தண்ணீர்–நைட்ரஜன் கலவை: அடித்துளை அழுத்தக் கணக்கு ஏன் குறைவாக வருகிறது?

ஆழமானி (கேள்வி)

செங்குத்துக் கிணறு, ஆழம் 2300 மீ. 7 அங்குல கேசிங் (துளைச் சுவரைக் காக்கும் எஃகுக் குழாய்), அதற்குக் கீழே 6⅛ அங்குலத் துளை (155.6 மி.மீ.), உள்ளே 3½ அங்குல டிரில் பைப் (88.9 மி.மீ.). பைப்புக்கும் துளைச் சுவருக்கும் இடையே உள்ள வளைய இடைவெளிதான் அன்னுலஸ். பாறையின் நுண்துளைகளில் உள்ள திரவத்தின் அழுத்தம் 195 பார்தான். வெறும் தண்ணீரை நிறுத்தினாலே அடியில் 226 பார் ஆகிவிடும் என்பதால், தண்ணீரோடு நைட்ரஜனையும் டிரில் பைப் வழியாகவே அனுப்பி அண்டர்பேலன்ஸில், அதாவது கிணற்றின் அழுத்தம் பாறையின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்கும்படி, துளைக்கும் திட்டம்.

தண்ணீர் நிமிடத்துக்கு 800 லிட்டர். நைட்ரஜன் நிமிடத்துக்கு 40 நிலையான கன மீட்டர். சோக்குக்கு (மேலே திரும்பி வரும் பாய்வைக் கட்டுப்படுத்தும் வால்வு) முன்னால் 10 பார். வெப்பநிலை மேலே 32, அடியில் 94 டிகிரி செல்சியஸ். துளைக்கும் வேகம் மணிக்கு 6 மீ. கேசிங்கின் உள்விட்டம் துளையின் விட்டத்தை ஒட்டியே இருப்பதால் முழு ஆழத்துக்கும் ஒரே அன்னுலஸ் என்று வைத்துக்கொண்டேன். உராய்வுக் குணகம் 0.02.

சோக்கிலிருந்து கீழ்நோக்கி, துண்டு துண்டாக, இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தேன். வாயுவும் நீரும் ஒரே வேகத்தில் போகின்றன, ஸ்லிப்பே (வாயு நீரை முந்துவதே) இல்லை என்று வைத்தால் அடியில் 132 பார். ஸ்லிப்பைச் சேர்க்கும் டிரிஃப்ட்-ஃப்ளக்ஸ் முறையில் 173 பார். அதில் பகிர்வுக் குணகம் (கலவை வேகத்தைப் பெருக்கும் எண்) 1.2, மிதப்பால் வாயு ஏறும் ஏறுவேகம் குமிழ்ப் பாய்வுக்கு (சிறு குமிழ்கள்) 0.25 மீ/வி, ஸ்லக் பாய்வுக்கு (பெருங்குமிழும் நீர்த்திரளும் மாறி மாறி) 0.28 மீ/வி.

பிட்டுக்கு (துளைமுனைக்கு) மேலே உள்ள பி.டபிள்யூ.டி. (துளைக்கும்போதே அழுத்தம் அளக்கும்) கருவி மெமரியில் பதிந்திருப்பது சராசரியாக 183 பார். அதுவும் 178க்கும் 189க்கும் இடையே ஊசலாடுகிறது.

ஆக 10 பார் இடிக்கிறது. அண்டர்பேலன்ஸ் இடைவெளியே 12 பார்தான் என்னும்போது இந்த 10 பாரைத் தள்ளிவிட முடியாது. இன்னொன்று: மேலிருந்து முதல் 60 மீட்டருக்கு நிரல் "வளையப் பாய்வு" (நடுவில் வாயு, சுவரில் நீர்ப்படலம்) என்று காட்டுகிறது. அதை அணைத்துவிட்டுத்தான் 173 வந்தது. அணைக்காவிட்டால் இன்னும் நாலைந்து பார் குறைகிறது. எதை நம்புவது? பெக்ஸ்–பிரில், ஹேகடோர்ன்–பிரவுன் என்று வேறு தொடர்புக்கு (சோதனைத் தரவிலிருந்து எடுத்த வாய்பாட்டுக்கு) தாவினால் சரியாகுமா?

குமிழ்க்கணக்கு

தொடர்பை மாற்ற வேண்டாம். உங்கள் 0.28 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கிறது.

வெளிவிட்டத்திலிருந்து உள்விட்டத்தைக் கழித்தால் 66.7 மி.மீ. அதுதான் ஹைட்ராலிக் விட்டம். டெய்லர் குமிழின் (ஸ்லக் பாய்வின் பெருங்குமிழ்) ஏறுவேகத்துக்கான 0.35 × √(ஈர்ப்பு × விட்டம்) என்ற வாய்பாட்டில் அந்த 66.7-ஐப் போட்டால் சரியாக 0.283 வருகிறது. ஹைட்ராலிக் விட்டம் உராய்வுக்கு உரியது. சுவரின் நனைந்த சுற்றளவைப் பொறுத்தது உராய்வு, அதனால் அங்கே அது பொருந்தும். டெய்லர் குமிழோ சுவர் உராய்வால் ஏறுவதில்லை, மிதப்பால் ஏறுகிறது. அன்னுலஸில் அது டிரில் பைப்பைக் கட்டிக்கொண்டு நீளும், ஆனால் முழுதாகச் சுற்றி மூடாது. ஒரு பக்கம் நீர் வழிய இடம் விட்டுவிட்டு, மூக்கு ஒருபக்கமாகச் சாய்ந்து ஏறும். நடுவில் குழாய் இருப்பதால் வேகம் கூடும், குறையாது.

இதற்குச் சடாடோமி 1982-இல் கொடுத்த வடிவம் 0.345 × √(ஈர்ப்பு × (வெளிவிட்டம் + உள்விட்டம்)). கழித்தல் இல்லை, கூட்டல். 244.5 மி.மீ. போட்டால் 0.53 மீ/வி. ஹசன்–கபீர் வாய்பாடு வேறு வழியில் போகும்: குணகம் 0.345 + 0.1 × (உள்விட்டம்/வெளிவிட்டம்), அதைத் துளையின் முழு விட்டத்தோடு சேர்க்க வேண்டும். உங்கள் கிணற்றுக்கு 0.50 மீ/வி. இரண்டில் எதை எடுத்தாலும் நீங்கள் போட்டதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

குமிழ்ப் பாய்வுக்கு 0.25 சரிதான். அது ஹார்மதி வாய்பாடு. பரப்பு இழுவிசை 0.072 நியூட்டன்/மீ என்றால் 0.249 வரும், அதில் விட்டமே கிடையாது.

இப்போது 0.53 வைத்து உங்கள் எண்களையே போட்டிருக்கிறேன். அன்னுலஸ் பரப்பு 0.01281 ச.மீ. தண்ணீரின் தனிவேகம், அதாவது தண்ணீர் மட்டும் முழுப் பரப்பையும் நிரப்பி ஓடினால் வரும் வேகம், 1.04 மீ/வி.

சோக்குக்குக் கீழே, 10 பாரில்: நைட்ரஜனின் தனிவேகம் 5.6, கலவை வேகம் 6.6 மீ/வி. வாயுப் பங்கு 5.6 ÷ (1.2 × 6.6 + 0.53), அதாவது 0.66. கலவை அடர்த்தி 349 கிலோ/க.மீ. அதே இடத்தில் ஸ்லிப் இல்லை என்று வைத்தால் வாயுப் பங்கு 0.84, அடர்த்தி 166 மட்டுமே. பாதிக்கும் கீழே! அழுத்தச் சரிவு மீட்டருக்கு 5.7 கிலோபாஸ்கல் என்பதற்குப் பதில் 2.7.

40 பாரில்: வாயுப் பங்கு 0.41, அடர்த்தி 605, சரிவு 6.5. இந்த அழுத்தம் 510 மீ ஆழத்தை ஒட்டி வருகிறது. ஸ்லிப் இல்லாக் கணக்கில் அதே ஆழத்தில் 27 பார்தான் இருக்கும்.

100 பாரில் (1330 மீ அருகே) அடர்த்தி 776. 180 பாரில் நைட்ரஜனே 150 கிலோ/க.மீ. கனக்கும், வாயுப் பங்கு 0.20, கலவை 827, சரிவு 8.4.

கூட்டினால் 2300 மீட்டரில் 179 பார். உங்கள் 173-லிருந்து 6 பார் இங்கேயே ஏறிவிட்டது.

கவனிக்க வேண்டிய இடம் இது. 132க்கும் 179க்கும் இடையே உள்ள 47 பாரில் பாதி, மேலேயுள்ள முதல் 500 மீட்டரில் விதைக்கப்படுகிறது. அந்த 500 மீட்டருக்கு மட்டும் ஸ்லிப் சேர்த்து, மிச்சம் 1800 மீட்டருக்கு ஸ்லிப் இல்லாமலே விட்டுப் பாருங்கள்: 155 பார் வரும். மேலே அழுத்தம் குறைவாக விழுந்தால் அதற்குக் கீழே வாயு விரிந்தே இருக்கும், அதனால் அங்கேயும் அடர்த்தி குறையும், பிழை கீழே போகப்போகக் குட்டி போடும். துண்டுகளைச் சம நீளத்தில் வெட்டாதீர்கள். மேலே 10–20 மீ, கீழே 100 மீ போதும். அல்லது ஒரு துண்டில் அழுத்தம் பத்து விழுக்காட்டுக்கு மேல் மாறக்கூடாது என்று வரம்பு வையுங்கள்.

சோக்காளி

குமிழ்க்கணக்கு சொன்னது சரி. நான் அதற்கு முந்தின இடத்துக்கு வர்றேன், உள்ளே போடற எண்களுக்கு.

அந்த 10 பார் கேஜ் அழுத்தமா (வெளிக்காத்து அழுத்தத்துக்கு மேல), தனி அழுத்தமா (வெற்றிடத்துலேருந்து)? சோக் மேனிஃபோல்டில் இருக்கிற மானி கேஜ் தான் காட்டும். அப்போ வாயு விதிக்குள்ள போக வேண்டியது 11. ஒரு பார் தானேன்னு விடாதீங்க. மேலே வாயுவோட பருமன்ல அது பத்து விழுக்காடு. அடியில ஒரு பாருக்கு ஒன்றரை பாரா வந்து நிக்கும். உங்க கிணத்துக்கே பாருங்க, சோக்கை 10லேருந்து 15க்கு ஏத்தினா அடியில 5 இல்ல, 7.4 ஏறும். மேலே வாயு நசுங்குது, நீர்ப்பங்கு கூடுது, அதான்.

அடுத்து அந்த 40 கன மீட்டர். எந்த வெப்பநிலையில? 15 டிகிரியில அளந்ததா, 0 டிகிரியில அளந்ததா? நைட்ரஜன் யூனிட்காரங்க சிலர் 0 டிகிரிக் கணக்குல ரிப்போர்ட் கொடுப்பாங்க, கணக்குப் போடறவங்க 15ன்னு எடுத்துக்குவாங்க. வித்தியாசம் 5.5 விழுக்காடு. உங்க கிணத்துல இது அடியில ஏறக்குறைய 2 பார் குறைக்கும். கூட்டற பக்கம் இல்ல, குறைக்கற பக்கம். அதனால மத்த திருத்தம் எல்லாம் போட்ட பிறகு கணக்கு அளவைவிட 2 பார் மேலே நின்னா முதல்ல இங்க சந்தேகப்படுங்க.

துளைக்கும்போது வர்ற பாறைத் துகள்களையும் சேர்க்கணும். மணிக்கு 6 மீட்டர்னா விநாடிக்கு 0.03 லிட்டர் பாறை வருது. தண்ணீரோட ஒப்பிட்டா கால் விழுக்காடு கூட இல்ல, அடியில 1 பார். துகள் நீரைவிட மெதுவா ஏறும், அதனால ஒன்றரைன்னு வச்சுக்கலாம்.

179, மானிக்கு 1.5, துகளுக்கு 1.5. 182 ஆச்சு. பி.டபிள்யூ.டி. 11 பார் ஊசலாடும்போது மிச்சம் இருக்கிற 1 பாரைத் துரத்திக்கிட்டு ஓடறதுல அர்த்தமில்ல.

மூன்றாம்_நிலை

வளையப் பாய்வு கேள்விக்கு யாரும் வரவில்லை, அதனால் நான்.

உங்கள் நிரல் டைட்டல்–பார்னியா–டக்லர் 1980 எல்லையை அப்படியே பயன்படுத்துகிறது என்று நினைக்கிறேன். வாயுவின் தனிவேகம், 3.1 × (ஈர்ப்பு × பரப்பு இழுவிசை × அடர்த்தி வேறுபாடு)-இன் நான்காம் மூலம் ÷ வாயு அடர்த்தியின் வர்க்கமூலம், இதைத் தாண்டினால் வளையம். 10 பாரில் அந்த எல்லை 4.8 மீ/வி, உங்களிடம் 5.6. 13.5 பாரில் இரண்டும் சமம். சோக்கிலிருந்து 13.5 பார் வரை ஆகும் ஆழம் சரியாக அந்த 60 மீ.

அந்த எல்லை ஒரு நீர்த்துளியை வாயு தூக்குமா என்று மட்டுமே கேட்கிறது. எவ்வளவு நீர் வருகிறது என்பது அதில் எங்குமே இல்லை. நீர் சொற்பமாக வரும் வாயுக் கிணறுகளுக்கு அது போதும். இங்கே நீரின் தனிவேகமே 1 மீ/வி. அவ்வளவு நீரும் சுவரில் படலமாகப் பரவினால் படலம் தடித்து, அலை எழும்பி, எதிர்ச்சுவரைத் தொட்டுப் பாலம் கட்டிவிடும். பாலம் கட்டினால் அது மறுபடி ஸ்லக் அல்லது சர்ன் (கலங்கிய பாய்வு). பார்னியா 1987-இல் சேர்த்த படலத் தடிப்பு நிபந்தனை இதற்குத்தான்: படலத்தின் நீர்ப்பங்கு 0.24-ஐத் தாண்டினால் வளையம் நிலைக்காது. உங்கள் நிலையில் நீர்ப்பங்கு 0.34. இரண்டு நிபந்தனையும் ஒருசேர நிறைவேறினால் மட்டுமே வளையம் என்று நிரலை மாற்றுங்கள். நீங்கள் அணைத்தது இந்தக் கிணற்றுக்குச் சரி. ஆனால் அணைத்தே வைப்பது தீர்வல்ல. தண்ணீரை 200 லிட்டராகக் குறைத்து ஓட்டும் நாளில் அது உண்மையாகவே தேவைப்படலாம்.

பெக்ஸ்–பிரில் பற்றி. 1973-இல் 1, 1½ அங்குல அக்ரிலிக் குழாய்களில், 27 மீட்டர் நீளத்தில், காற்றும் தண்ணீரும் வைத்து எடுத்த தரவு அது. ஹேகடோர்ன்–பிரவுன் 1 முதல் 1½ அங்குல டியூபிங்கில், 1500 அடிச் சோதனைக் கிணற்றில். இரண்டுமே முழுக் குழாய், அன்னுலஸ் அல்ல. அன்னுலஸுக்கு இழுத்தால் எந்த விட்டத்தைப் போடுவது என்ற அதே பிரச்சினை திரும்பி வரும், இந்த முறை விடை சொல்ல வாய்பாட்டில் ஆளில்லாமல்.

ஒரு தொடர்பின் நீர்ப்பங்கையும் இன்னொன்றின் உராய்வையும் கலக்கவே கலக்காதீர்கள். பெக்ஸ்–பிரில் உராய்வில் ஸ்லிப் இல்லா அடர்த்தியை வைத்து, தனியாக ஒரு பெருக்கியால் சரிக்கட்டுகிறது. ஹேகடோர்ன்–பிரவுன் ஸ்லிப் இல்லா அடர்த்தியின் வர்க்கத்தை ஸ்லிப் அடர்த்தியால் வகுக்கிறது. மேலே குமிழ்க்கணக்கு போட்டது ஸ்லிப் அடர்த்தியோடு, பெருக்கி இல்லாமல். 10 பாரில் அப்படி உராய்வு மட்டும் மீட்டருக்கு 2.3 கிலோபாஸ்கல், ஸ்லிப் இல்லா அடர்த்தி போட்டால் 1.1. முழு அன்னுலஸுக்கும் கூட்டினால் 11.5 பாரும் 8.5 பாரும். இந்த 3 பாரும் முறையின் தேர்வில் வரும் வேறுபாடு. உங்கள் 182–183 பொருத்தத்தை அதை நினைவில் வைத்துக்கொண்டே பாருங்கள்.

முடுக்கச் சொல்லை (வாயு விரிந்து வேகமெடுப்பதற்கான உறுப்பை) 10 பாரில் விட்டுவிடலாம், ஒன்றரை விழுக்காடுகூட இல்லை. சோக்கை முழுக்கத் திறந்து மேலே 2 பாருக்கு இறக்கினால் கதை வேறு. கலவை வேகம் 29 மீ/வி ஆகிறது, முடுக்கச் சொல் 0.85க்கு ஏறுகிறது. 1-ஐத் தொட்டால் பாய்வு அடைபட்டுவிட்டது என்று பொருள். கணக்கு எதிர்மறை அழுத்தம் காட்டி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆழமானி

மானி கேஜ் தான், நைட்ரஜன் 15 டிகிரிக் கணக்கு. 0.53 போட்டதும் 180-ஐத் தொட்டுவிட்டது. வளையத்துக்கு இரட்டை நிபந்தனையும் போட்டாயிற்று.

இப்போது புதுத் தொல்லை. 1300 முதல் 1600 மீ வரை நிரல் ஒரு விடையில் ஒருங்குவதே இல்லை. ஒரு சுற்றில் குமிழ், அடுத்த சுற்றில் ஸ்லக், மறுபடி குமிழ். 0.28 இருந்தபோது இப்படி ஆடவில்லை.

குமிழ்க்கணக்கு

0.28-உம் 0.25-உம் ஏறத்தாழ ஒன்று என்பதால் அப்போது தெரியவில்லை. நோய் அப்போதும் இருந்தது.

குமிழ்–ஸ்லக் எல்லையை வாயுப் பங்கு 0.25 என்று வைத்திருப்பீர்கள். 100 பாரை எடுத்துக்கொள்ளுங்கள். குமிழ் என்று நினைத்து 0.25 மீ/வி போட்டால் வாயுப் பங்கு 0.278, எல்லையைத் தாண்டிவிட்டது, ஆகவே ஸ்லக். ஸ்லக் என்று 0.53 போட்டால் 0.248, எல்லைக்குள் வந்துவிட்டது, ஆகவே குமிழ். எதைச் சொன்னாலும் அது தன்னையே மறுக்கிறது. உங்கள் எண்களில் 99 பாரிலிருந்து 122 பார் வரை இப்படித்தான். ஆழத்தில் அது கிட்டத்தட்ட 290 மீ. நீங்கள் சொன்ன பட்டை அதேதான்.

இரண்டு திருத்தம் தேவை. எல்லையைச் சோதிக்கும்போது வாயுப் பங்கைக் கணக்கின் விடையிலிருந்து எடுக்காதீர்கள். தனிவேகங்களிலேயே எழுதுங்கள்: குமிழ் வாய்பாட்டில் 0.25 வரும் நைட்ரஜன் தனிவேகம் எது? நீர் 1.04 என்னும்போது 0.535 மீ/வி. அதைத் தாண்டினால் ஸ்லக், இல்லையேல் குமிழ். இப்போது விடை கேள்விக்குள் நுழையாது, ஆட்டம் நின்றுவிடும்.

ஆனால் 122 பாரில் ஏறுவேகம் 0.25-லிருந்து 0.53க்கு ஒரே தாவலாகத் தாவும், அடர்த்தியில் ஒரு படி விழும். உண்மைப் பாய்வில் அப்படிப் படி கிடையாது, சிறு குமிழ்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடிப் பெரிதாகின்றன. எனவே தனிவேகம் 0.535-லிருந்து 0.64 ஆகும் வரை ஏறுவேகத்தை மெல்ல உயர்த்துங்கள், நேர்க்கோட்டிலேயே. அடியழுத்தத்தில் இதனால் ஒரு பார்கூட மாறாது, ஒருங்குவது மட்டும் உறுதியாகும்.

சாய்ந்த கிணறுகளுக்கு நிரலைக் கொண்டுபோவதாக இருந்தால் ஒரு வார்த்தை. ஹசன்–கபீர் முறையில் டெய்லர் ஏறுவேகத்தை √(கொசைன்) × (1 + சைன்)-இன் 1.2 அடுக்கு என்ற எண்ணால் பெருக்க வேண்டும், கோணம் செங்குத்திலிருந்து. 45 டிகிரியில் அது 1.6 மடங்கு. சாய்த்தால் ஸ்லிப் குறையும் என்றுதான் கைகள் பழக்கத்தில் எழுதும், உண்மையில் கூடுகிறது. குமிழ் மேல்சுவரோடு ஒட்டி வழுக்கிப் போய்விடுகிறது. கிடைமட்டத்தை நெருங்கும்போதுதான் சுழியாகிறது. 75 டிகிரிக்கு மேலே இந்த வாய்பாட்டை நம்ப வேண்டாம்.

டிரில் பைப்பின் உள்ளே கீழ்நோக்கிய பாய்வுக்கு ஏறுவேகத்தைக் கழிக்க வேண்டும், கூட்டக்கூடாது. உங்கள் பைப்புக்குள் தண்ணீரே 3.4 மீ/வி ஓடுவதால் ஸ்லிப்பை விட்டாலும் பெரிதாக எதுவும் போகாது. அங்கே உராய்வுதான் ராஜா. பிட்டின் நாசிலில் கலவை விரிவதைச் சேருங்கள், வெறும் தண்ணீருக்கான நாசில் வாய்பாடு ஸ்டாண்ட்பைப் அழுத்தத்தை (மேலே பம்ப் பக்கத்து அழுத்தம்) குறைத்துக் காட்டும்.

மூன்றாம்_நிலை

பொருத்திப் பார்க்கும் வரிசை பற்றியும் ஒரு குறிப்பு, ஏனென்றால் பலரும் 1.2-ஐயும் 0.53-ஐயும் உராய்வையும் ஒரே நேரத்தில் திருகி 183 வரவழைத்துவிடுகிறார்கள். அந்தப் பொருத்தம் அடுத்த வாயு அளவில் உடையும்.

முதலில் நைட்ரஜன் இல்லாமல் தண்ணீரை மட்டும் ஓட்டிய பதிவை எடுங்கள். அங்கே ஸ்லிப் இல்லை, உராய்வு மட்டும்தான். சிக்கல் என்னவென்றால் உங்கள் அன்னுலஸில் அது 3.7 பார்தான், உராய்வுக் குணகத்தில் கால்வாசிப் பிழை இருந்தாலும் 1 பாருக்குள் அடங்கிவிடும், வாயுவோடு ஓட்டும்போது அதுவே 3 பாராகும். அதனால் தண்ணீர் அளவை இரண்டு மூன்று நிலைகளில் மாற்றி எடுங்கள், ஒரே புள்ளி போதாது. உராய்வைப் பூட்டிய பிறகு நைட்ரஜன் குறைவான ஓட்டத்தில் ஏறுவேகத்தைத் திருத்துங்கள், ஏனென்றால் கலவை வேகம் குறையும்போதுதான் 0.53-இன் பங்கு பெரிது. 1.2-ஐத் தொட வேண்டியிருந்தால் அதைக் கடைசியில், வாயு கூடுதலான ஓட்டத்தில்.

தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்றும் கேளுங்கள். அரிப்புத் தடுப்பான்களில் பல நுரைக்கும். நுரைத்தால் குமிழ்கள் ஒன்றுசேராது, டெய்லர் குமிழே உருவாகாமல் போகலாம், அளவு ஸ்லிப் இல்லாக் கணக்கை நோக்கிக் கீழே இறங்கும். கணக்கு திடீரென 10 பார் கூடுதலாகக் காட்ட ஆரம்பித்தால் வாய்பாட்டைத் திருகும் முன் செப்பரேட்டரில் (வாயுவையும் நீரையும் பிரிக்கும் கலன்) நுரை நிற்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சோக்காளி

நிலையான ஓட்டத்துக்கு எல்லாம் சரியாயிடுச்சு. ஆனா பாறையைக் காயப்படுத்தறது நிலையான ஓட்டம் இல்ல, பம்பை நிறுத்திப் புது பைப் சேர்க்கற கனெக்‌ஷன்.

பம்பை நிறுத்தின உடனே அந்த 11.5 பார் உராய்வு போயிடும். சோக்கை 10லேயே பிடிச்சா அடியில 179 இருந்தது 167க்கு இறங்கும். இந்தப் பக்கம் பயமில்ல, பாறை இன்னும் கொஞ்சம் தாராளமாக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த வரவையும் அடுத்த சுத்துல கணக்குல சேர்க்கணும், இல்லன்னா வாயு 40ன்னு நீங்க நினைப்பீங்க, அன்னுலஸ்ல அதுக்கு மேல இருக்கும்.

பம்ப் நின்ன நேரத்துல நைட்ரஜன் மேலே போயிடும், தண்ணீர் கீழே உக்காந்துடும். உங்க அன்னுலஸ்ல சராசரி நீர்ப்பங்கு 67 விழுக்காடு, அதாவது 1540 மீட்டர் உயரத்துக்குச் சுத்தமான தண்ணீர், மேலே வாயு மூடி. இப்போ திரும்பப் பம்பைப் போடறீங்க. புதுசாச் சேர்த்த பைப்புல வாயு நிரம்பி அடிக்குப் போய்ச் சேரற வரைக்கும் பிட்டுல வர்றது தண்ணீர் மட்டும்னு வச்சுக்கோங்க. அது வாயு மூடியை மேலே தள்ளி வெளியேத்தும். ஒரு கன மீட்டர் தண்ணீர் அன்னுலஸ்ல 78 மீட்டர் எடுக்கும். 7.7 பார்!

167க்கும் 195க்கும் நடுவுல 28 பார். மூணரை கன மீட்டர் தண்ணீர் கூடுதலாப் போனா ஓவர்பேலன்ஸ், கிணத்து அழுத்தம் பாறையோடதை மிஞ்சிடும். நிமிஷத்துக்கு 800 லிட்டர்ல அதுக்கு நாலரை நிமிஷம் போதும். உங்க டிரில் பைப்போட மொத்தக் கொள்ளளவே 9 கன மீட்டர் கிட்ட இருக்கு, அதுல பாதியைத் தண்ணீரா விட்டாலே காரியம் கெட்டுடும்.

அதனால கனெக்‌ஷனுக்கு முன்னாடி பைப்பை வெறும் தண்ணீரால நிரப்பிட்டு நிறுத்தற பழக்கம் இந்தக் கிணத்துக்கு ஆகாது. ஸ்ட்ரிங் ஃப்ளோட்டுகளை (பைப்புக்குள்ள வைக்கற ஒருவழி வால்வு) இடையிடையே போட்டு, மேலே உள்ள கொஞ்ச நீளத்தை மட்டும் ப்ளீட் பண்ணுங்க (அழுத்தத்தை வெளியேத்துங்க). கீழே வாயு அழுத்தத்தோட அப்படியே நிக்கட்டும். திரும்ப ஆரம்பிக்கும்போது நைட்ரஜனை முதல்ல, தண்ணீரைப் பாதி அளவுல, சோக்ல திரும்பற வாயுவைப் பார்த்துத்தான் 800க்கு ஏத்தணும். நிறுத்தற நேரம் எவ்வளவு குறையுதோ அவ்வளவுக்குப் பிரியறதும் குறையும். குமிழ் நிமிஷத்துக்கு 15லேருந்து 30 மீட்டர் வரைக்கும் ஏறும், அதை வச்சுக் கணக்குப் போடலாம்.

சோக்கை இறுக்கி அந்த ஏத்தத்தைச் சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க. இறுக்கினா ஒரு பாருக்கு ஒன்றரை பார் சேர்த்துக் கூட்டும். அந்த நிமிஷத்துல சோக் திறக்கற பக்கம்தான் போகணும்.

ஆழமானி

பி.டபிள்யூ.டி. பதிவில் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்குப் பிறகும் 200க்கு மேல் ஒரு கூர்முனை இருக்கிறது. அதைக் கருவிக் கோளாறு என்று வடிகட்டிவிட்டுத்தான் 183 சராசரி எடுத்திருந்தேன். வடிகட்டாத கோப்பை எடுத்து, ஒவ்வொரு கூர்முனைக்கும் முன்னால் போன தண்ணீரின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.